மாலை ஐந்து மணித் தோட்டம்: பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு விதைப்பும் சமையலும்

மாலை நேர வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். பாதிப் பேர் கையில் ஒரு பாக்கெட் இருக்கும். ஐந்து ரூபாய் அல்லது பத்து ரூபாய். மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு சாப்பிட்ட பிள்ளை அது. பள்ளி விட்டதும் வெயிலில் நடந்து வந்து, அம்மா இன்னும் வேலையிலிருந்து திரும்பாத வீட்டின் பூட்டைப் பார்த்துவிட்டு, நேரே பெட்டிக்கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பசிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அந்தப் பாக்கெட் ஒன்றுதான். பிள்ளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையும் நல்ல சாப்பாடும் சொல்லித்தர மாலை நேரம் ஏன் பொருத்தமானது என்று யாராவது கேட்டால், இந்தப் பசியைத்தான் காட்டுவேன். காலை பதினொரு மணிக்கு அறிவியல் பாடத்தில் கீரையின் சத்துகளைப் படிக்கும்போது பிள்ளைக்குப் பசி இல்லை. பக்கத்தில் கீரையும் இல்லை, அடுப்பும் இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பசி இருக்கிறது, வெயில் தாழ்ந்திருக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் அதுதான் நல்ல நேரம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பெயர் எதுவும் தேவையில்லை. பள்ளி முடிந்து பிள்ளைகள் கூடும் ஓர் இடம் இருக்கும். டியூஷனாக இருக்கலாம், ஊர் நூலகமாக இருக்கலாம், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி போலத் தன்னார்வலர் ஒருவர் தெருவிலேயே நடத்தும் வகுப்பாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு சிறு பாத்தியோ பத்துச் சாக்குப் பைகளோ வைத்து, பிள்ளைகளே விதைத்து, பார்த்து, பறித்து, ஆய்ந்து, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், மற்ற நாட்களில் தண்ணீர் ஊற்றப் பத்து நிமிடம். அவ்வளவுதான்.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது கடைசிப் பகுதியை. செடி நடுவதற்கு ஆள் இருக்கிறது, படம் எடுப்பதற்கும் ஆள் இருக்கிறது. விளைந்ததைப் பிள்ளைகள் கையால் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வரை கொண்டுபோவது அரிதாகவே நடக்கிறது. அது இல்லாவிட்டால் பிள்ளைக்குச் செடி வளர்க்கத் தெரிந்திருக்கும். தட்டில் கீரை வந்தால் பழையபடி ஒதுக்கி வைக்கும்.

இது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகளில் ‘எல்.ஏ. ஸ்ப்ரௌட்ஸ்’ என்று ஒரு திட்டம் நடந்தது. பள்ளி முடிந்த பிறகு வாரம் ஒரு முறை 90 நிமிடம், மொத்தம் 12 வாரம். பாதி நேரம் தோட்டம், பாதி நேரம் சமையலும் உணவைப் பற்றிய பேச்சும். நான்கு பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த பள்ளிகளின் பிள்ளைகள் நார்ச்சத்து உண்ணும் அளவு குறையாமல் சற்றே கூடியது. மற்றப் பள்ளிகளில் அது இறங்கியது. இடுப்புச் சுற்றளவிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. அதே கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற சமையல் கலைஞர் 1995-இல் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய தோட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதிலும் தோட்டத்தோடு ஒரு சமையலறை வகுப்பு சேர்ந்தே இருந்தது. மண்ணும் அடுப்பும் பிரியாமல் இருப்பதுதான் இரண்டுக்கும் பொது.

நம் ஊருக்கு வருவோம். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அந்தக் குழந்தைகள்தான் இப்போது நம் மாலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு கணக்கையும் பாருங்கள். மதிய உணவுக்கான தேசிய அளவின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தர வேண்டிய காய்கறி 50 கிராம். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நாளில் 350 கிராம் காய், கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மீதி 300 கிராம் வீட்டிலிருந்தும் மாலைப் பலகாரத்திலிருந்தும்தான் வர வேண்டும். ஒரு சிறு பாத்தி அந்த 300 கிராமை விளைவித்துவிடாது. அதைத் தேடிச் சாப்பிடும் நாக்கைப் பழக்கலாம்.

முதலில் கீரை, பிறகு மற்றது

தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு தக்காளி. எங்கள் வகுப்பிலும் முதல் ஆண்டு அதைத்தான் செய்தோம். நர்சரியிலிருந்து தக்காளி, கத்தரி நாற்று வாங்கி வந்து நட்டோம். நட்டு முதல் பழம் பறிக்க அறுபது, எழுபது நாள் ஆகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுபது நாள் என்பது ஒரு யுகம். இரண்டாவது வாரத்திலேயே தண்ணீர் ஊற்றுவது குறைந்தது, காலாண்டு விடுமுறையில் ஆடு மேய்ந்தது, திரும்பி வந்தபோது குச்சிகள்தான் நின்றன. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அடுத்த முறை முளைக்கீரையில் தொடங்கினோம். நாலைந்து நாளில் முளைக்கும், இருபது இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். விதைத்த கையே அதே மாதத்தில் பறிக்கிறது. சிறுகீரை, வெந்தயக்கீரை இரண்டும் அதே போலத்தான். வெந்தயம் கடையில் தனியாக விதை என்று வாங்க வேண்டியதுகூட இல்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயமே முளைக்கும். சமையலறையில் தாளிக்கும் பொருள் மண்ணில் போட்டால் செடியாகிறது என்பதை முதன்முதலில் பார்க்கும் பிள்ளையின் கண்ணைப் பார்த்திருக்கிறேன். கடுகு, கொத்தமல்லி, பச்சைப்பயறு என்று அது வீட்டில் உள்ள டப்பாக்களை எல்லாம் திறந்து சோதிக்கத் தொடங்கிவிடும். சோதிக்க விடுங்கள்.

இடம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நான்கு அடிக்கு மூன்று அடி மண் போதும். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரமாவது வெயில் படட்டும். மண் இல்லாத சிமெண்டு முற்றமானால் அரிசிச் சாக்கு, க்ரோ பேக் என்னும் செடி வளர்க்கும் பை எதுவானாலும் சரி. பெயிண்ட் வாளியும் பூச்சிமருந்து டப்பாவும் வேண்டாம், கழுவியது என்றாலும் வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பச்சைச் சாணத்தை அப்படியே போடக் கூடாது. அது மக்கும்போது சூடேறி வேரைக் கெடுக்கும், கிருமியும் இருக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகள் (விதையும் பையும் அடங்கிய தொகுப்புகள்) கொடுப்பதுண்டு, அருகில் உள்ள வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

விதைப்பது ஒரு கலை, அதைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். அதனால் ஒரு சிட்டிகை விதைக்கு நான்கு கைப்பிடி உலர்ந்த மணல் என்று கலந்து, ஆளுக்கொரு கைப்பிடி கொடுங்கள். தூவியபின் மேலே மெல்லிய மணல் போர்வை போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. சொம்பால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் மிதந்து ஒரு மூலையில் சேரும். பூவாளி இல்லையென்றால் பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஊசியால் பத்துத் துளை போட்டால் அதுவே பூவாளி. எறும்பு விதையை இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பலோ மஞ்சள்தூளோ தூவுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

பத்துப் பன்னிரண்டு நாளில் நெருக்கமாக முளைத்த இடங்களில் சில செடிகளைப் பிடுங்கிக் கலைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது வருத்தமாக இருக்கும். “நல்லாத்தான இருக்கு, ஏன்க்கா பிடுங்கணும்?” என்று கேட்பார்கள். இடம் போதாமல் எல்லாமே மெலிந்துவிடும் என்பதை ஒரு மூலையை மட்டும் கலைக்காமல் விட்டுக் காட்டுங்கள். ஒரு வாரத்தில் அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள். பிடுங்கிய இளங்கீரையைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாக அலசி, அன்றைய சுண்டலில் கடைசியாகச் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும். அதுதான் அந்தத் தோட்டத்தின் முதல் விளைச்சல்.

நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதையுங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பள்ளி ஆண்டுக்கும் பொருந்துகிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் மண்ணைத் தயார் செய்து, ஆடி பிறந்ததும் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் இரண்டு முறை கீரை எடுத்துவிடலாம். அறுவடை விடுமுறையில் விழாதபடி இருபத்தைந்து நாள் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை விதை அடித்துப் போகும். அப்போது வேலியோரம் அவரையைக் கொடியேற்றலாம். பொங்கலுக்குப் பிறகு தைப்பட்டத்தில் வெண்டை, முள்ளங்கி. சித்திரை வெயிலில் தோட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு.

ஒரு மூலையில் முருங்கை விதை ஒன்றை ஊன்றிவிடுங்கள். எங்கள் தேனி மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வந்த பி.கே.எம்.1 ரகம் விதைத்து ஆறே மாதத்தில் காய்க்கும். இடுப்புயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கைக்கெட்டும் உயரத்திலேயே கீரை கிடைக்கும். நுனி கிள்ளும் நாளை எங்கள் பிள்ளைகள் சண்டை போட்டுக் கேட்டு வாங்குவார்கள்.

செருப்பு

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று நினைத்துத்தான் வைக்கிறேன். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. இரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். இரத்தசோகையைக் குறைக்கக் கீரை போடுகிறோம் என்று தொடங்கிய தோட்டமே, வெறுங்காலோடு இறங்கவிட்டால் அதைக் கூட்டிவிடும். ஆகவே செருப்பில்லாமல் யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது. செருப்பு இல்லாத பிள்ளைக்கு வகுப்பிலேயே இரண்டு மூன்று ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள், அதைக் கேட்டுப் பிள்ளை கூனிக்குறுக வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, நகத்திடுக்கைத் தேய்த்துவிட்டுத்தான் சாப்பாடு. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் போடச் சொல்லுங்கள். கீரை அந்த மாத்திரைகளுக்கு மாற்று ஆகாது.

க்ரோ பேக் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து பெரியவர் தெளிக்கட்டும். கடையில் விற்கும் இரசாயனப் பூச்சிமருந்து பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் வரவே கூடாது.

அடுப்பும் தட்டும்

இருபத்தைந்தாம் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, செய்தித்தாள் விரித்துச் சுற்றி உட்கார்ந்து ஆய வேண்டும். கீரை ஆய்வது சின்னப் பிள்ளைக்கும் முடியும், கத்தி தேவையில்லை. பழுத்த இலை, பூச்சி தின்ற இலை, முற்றிய தண்டு என்று அவர்களே பிரிப்பார்கள். முதலில் மெதுவாகத்தான் போகும். பேச்சு அதிகம் நடக்கும், நடக்கட்டும். வீட்டில் பாட்டி கீரை ஆயும்போது நடக்கும் பேச்சும் அப்படித்தான்.

மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீரில் எவ்வளவு மண் இறங்குகிறது என்று பிள்ளைகளிடம் காட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவதில் குறைவதையும் காட்டுங்கள். அடுப்படி வேலையைப் பெரியவர் செய்யட்டும். பெரிய பிள்ளைகள் வெங்காயம் உரிக்கலாம், தேங்காய் துருவலாம், எலுமிச்சை பிழியலாம்.

மாலைக்கு ஏற்றது எது என்பதையும் யோசிக்க வேண்டும். கீரைக் கடையல் சோற்றுக்கு நல்லது, ஆனால் ஐந்தரை மணிக்கு யாரும் சோறு சாப்பிட மாட்டார்கள். முருங்கைக்கீரை போட்ட அடை, கீரையும் தேங்காயும் சேர்த்த பச்சைப்பயறுச் சுண்டல், கேழ்வரகு ரொட்டி இவையெல்லாம் கையில் பிடித்துச் சாப்பிடலாம், பாக்கெட்டின் இடத்தில் வந்து உட்காரும். வேர்க்கடலை சேர்ப்பதானால் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று வீட்டில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சத்து பற்றிய பாடம் இந்த இடத்தில்தான் வர வேண்டும், கரும்பலகையில் வேண்டாம். எலுமிச்சை பிழியும்போது சொல்லுங்கள்: கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வது கடினம், புளிப்பான பழங்களில் உள்ள வைட்டமின் சி அதைச் சேர்த்துக்கொடுக்கும். எலுமிச்சை இல்லாத நாளில் நெல்லிக்காய். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடுத்துவிடும். தாளிக்க எண்ணெய் ஊற்றும்போது சொல்லுங்கள்: கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர எண்ணெய் கொஞ்சம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். இப்படிச் சொன்னது வீடு வரை போகும். எங்கள் வகுப்பில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் அப்பா சாப்பிட்டதும் டீ கேட்டபோது, “ஒரு மணி நேரம் பொறுங்கப்பா” என்று தடுத்திருக்கிறாள். அவள் அம்மா வந்து சொன்னார்.

இனி மிக முக்கியமான இடம், சுவைப்பது. புதிய உணவைக் கண்டு பிள்ளை முகத்தைச் சுளிப்பது இயல்பு. அது அடமும் இல்லை, வளர்ப்பின் குறையும் இல்லை. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் குழந்தைகளின் உணவு விருப்பத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழகாத உணவுகளைச் சிலவற்றை இரண்டு முறை, சிலவற்றை ஐந்து, பத்து, பதினைந்து, இருபது முறை என்று சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை சுவைத்த உணவைத்தான் குழந்தைகள் விரும்பினார்கள். நாம் இரண்டாம் முறையிலேயே “இவனுக்குக் கீரை பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பத்து முறை பொறுங்கள். வாரம் ஒரு முறை என்றால் பத்து வாரம். நல்ல சாப்பாடு பழக இவ்வளவு பொறுமை தேவை என்பதை வகுப்பு நடத்துபவர்தான் முதலில் கற்க வேண்டும்.

அதனால் வற்புறுத்தல் கிடையாது. விரல் நுனி அளவு வாயில் வைத்துப் பார்த்தால் போதும். பிடிக்காவிட்டால் துப்பலாம், திட்டு விழாது. “கீரை சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்” என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கீரை கூலிக்குத் தின்ன வேண்டிய கஷ்டம், சாக்லேட்தான் பரிசு என்று அது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். பாக்கெட் தின்பண்டத்தைக் கெட்டது, குப்பை என்று திட்டுவதும் வேண்டாம். நேற்று அதை வாங்கிக் கொடுத்தது அந்தப் பிள்ளையின் அப்பாவாக இருக்கலாம், அவரால் முடிந்தது அதுவாக இருக்கலாம்.

“நல்லாருக்கா?” என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு. “எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். வழவழப்பு, நறநறப்பு, லேசாத் துவர்க்குது, நாக்கு சுருங்குது, பச்சை வாசம் அடிக்குது என்று பிள்ளைகள் சொல் தேடுவார்கள். சொல் தேடும் வாய் துப்ப மறந்துவிடுகிறது.

இதற்கு நம்மிடம் அழகான ஒரு கருவி இருக்கிறது. அறுசுவை. வகுப்புத் தோட்டத்தில் அறுசுவைப் பாத்தி ஒன்று போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். புளிப்புக்குப் புளிச்சக்கீரை. கசப்புக்கு வெந்தயக்கீரை. கார்ப்புக்கு முள்ளங்கி, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பிடுங்கிப் பச்சையாகக் கடித்தால் மூக்கு வரை ஏறும். இனிப்புக்குச் சர்க்கரைவள்ளி, கொடியின் துண்டை ஊன்றினால் நாலு மாதத்தில் கிழங்கு. துவர்ப்புக்குக் கொய்யாப் பிஞ்சு, பக்கத்தில் மரம் இருந்தால் போதும். உவர்ப்புதான் கடினம். களையாக முளைக்கும் பருப்புக்கீரையின் சதைப்பற்றான இலையை மென்று பாருங்கள், புளிப்போடு லேசான உப்புக் கரிப்பு தெரியும். களை என்று பிடுங்கிப் போட இருந்ததைத் தின்னலாம் என்று தெரியும்போது பிள்ளைகளுக்கு வரும் ஆர்வத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஒரு கட்டாய விதி: பெரியவரிடம் காட்டிக் கேட்காமல் எந்த இலையையும் வாயில் வைக்கக் கூடாது. ஊமத்தையும் அரளியும் நம் தெருவில்தான் வளர்கின்றன.

ஒரு தாய் கேட்ட கேள்வி

கீரை போடத் தொடங்கிய மூன்றாம் வாரம் ஒரு பையனின் அம்மா வந்தார். தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவர். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். “ஏன் டீச்சர், நாங்கதேன் காலம்பூரா மண்ணுல கெடக்கோம். புள்ளயாச்சும் படிக்கட்டும்னு அனுப்புனா, இங்கயும் மண்வெட்டியா?”

அந்தக் கேள்வியை இன்றும் மறக்கவில்லை. பள்ளியில் சில பிள்ளைகளை மட்டும் கூட்டவும் பெருக்கவும் அனுப்பிய நினைவு நம் ஊர்களில் பலருக்கு வடுவாக இருக்கிறது. மண்ணில் வேலை செய்வது அழகானது என்று அவரிடம் போய் விளக்க எனக்குத் தகுதி கிடையாது. இங்கே எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து மாறி மாறி எல்லா வேலையும் செய்கிறார்கள், வாரத்தில் ஒரு நாள்தான், கணக்கும் வாசிப்பும் குறையவில்லை என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். பிறகு, விதைக்கிற அன்று நீங்கள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். தயங்கினார். அடுத்த சனிக்கிழமை வந்தார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, “மணல் பத்தாது” என்றார். எங்களுக்கு அதுவரை கீரை ஏன் அழுகியது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் மகன் அன்று முழுக்க அம்மா பக்கத்திலேயே நின்றான்.

இதிலிருந்து சில முறைகளை வைத்துக்கொண்டோம். மண்வெட்டி பையனுக்கு, கரண்டி பெண்ணுக்கு என்று ஒருபோதும் பிரிப்பதில்லை. சீட்டு எடுத்து, வாரம் மாற்றிவிடுகிறோம். குப்பை அள்ளும் முறை டீச்சருக்கும் உண்டு. யார் சமைத்தாலும் எல்லோரும் ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்திலிருந்து. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தபோதும், 2022-இல் காலை உணவு தொடங்கியபோதும், பசியாற்றியதோடு அவை செய்த இன்னொரு பெரிய காரியம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. மாலைத் தோட்டத்தின் பந்தியும் அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து யாராவது “என் பிள்ளை அங்கே சாப்பிடாது” என்று சொன்னால், காரணம் நோயா, ஒவ்வாமையா, விரதமா என்று கேளுங்கள். அதற்கு வழி செய்யலாம். காரணம் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களில் விவசாயம் தெரிந்தவர்கள், வீட்டுக் கொல்லையில் கீரை போடும் பாட்டிகள், சந்தையில் காய் விற்பவர்கள் எல்லோரையும் ஒரு நாளாவது கூப்பிடுங்கள். சந்தைக் கடைக்காரர் ஒருவர் வந்து முற்றிய வெண்டையின் நுனியை ஒடித்துக் காட்டிய பிறகு, வீட்டுக்குக் காய் வாங்கும் பொறுப்பை எங்கள் பிள்ளைகள் சிலர் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். விதைத்த தேதி, முளைத்த தேதி, உயரம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கிராம் கீரை எடுத்தோம், யார் முதல் முறை சாப்பிட்டார்கள். அளப்பதில் கணக்கு வந்துவிடுகிறது, எழுதுவதில் தமிழ் வந்துவிடுகிறது. எத்தனை பேர் கீரையை வாயில் வைத்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் நான் வாரா வாரம் முதலில் பார்ப்பேன். எடை எனக்கு அடுத்ததுதான்.

பிடுங்கும்போது நல்ல செழிப்பான செடிகள் இரண்டு மூன்றை விட்டுவிடுங்கள். அவை உயர்ந்து, கதிர் போலப் பூத்து, விதை கட்டும். மொத்தம் மூன்று மாதம் போல ஆகும். கதிர் காய்ந்ததும் பிள்ளைகளிடம் கொடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதச் சொன்னால் பதர் பறந்து கருமணி விதை மின்னும். நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் மடித்து, பெயரும் தேதியும் எழுதி, காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் போடுங்கள். அடுத்த ஆடிக்கு எடுத்ததும் நேரே விதைக்க வேண்டாம். பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து ஐந்து நாள் வைத்து, எத்தனை முளைத்தது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஏழுக்கு மேல் இருந்தால் வழக்கம்போலத் தூவலாம், குறைந்தால் ஒரு சிட்டிகைக்குப் பதில் இரண்டு.